நான்காம் எண் கூடாரம் இன்னும் காயவில்லை

1974ஆம் ஆண்டு ஈஸ்டர் திங்களன்று ராய் கில்கிரைஸ்ட் ஈரத்தோடு சுருட்டிய கூடாரத்தை அதற்குப் பிறகு எப்போது விரித்தாலும் உள்ளே மழை பெய்தது. வெளியே பெய்யாது. ஆகஸ்டில் குளிரும் பிப்ரவரியில் வெயிலும் அடிக்கிற தென்கோளத்து ஊரான டாலிஸ் பிளாட்டில் வெளியே பெய்யும் மழை ஆண்டுக்கு முந்நூற்று நாற்பது மில்லிமீட்டர்தான். அந்த ஊர்த் தவளைகளுக்கு நீச்சல் தெரியாது என்று பக்கத்து ஊர்க்காரர்கள் கேலி பேசுவார்கள். கூடாரத்துக்குள் மட்டும் ஒரே பிற்பகலில் அறுபது மில்லிமீட்டர் விழும். முதல் ஒரு மணி நேரம் தூறல், அடுத்த மணி நேரம் வடமேற்குக் காற்றோடு அடைமழை, மூன்றாவது மணி நேரத்தில் பட்டாணி அளவில் ஆலங்கட்டி. நான்காவது மணி நேரம் பிறந்ததும் எல்லாம் ஓய்ந்து இருபது நிமிடம் அமைதி. அந்த அமைதியில் கியா என்கிற மலைக்கிளி ஒன்று கூடாரத்து முகட்டில் ஏறி நடந்து, வழுக்கி, திட்டிக்கொண்டே பறந்து போகும். பிறகு மழை மறுபடி பிடித்துக்கொண்டால், கூடாரத்தைச் சுருட்டும் வரை விடாது. வாசல் வழியே வழிந்தோடிய தண்ணீரில் லோர்னா கில்கிரைஸ்டின் தோட்டத்துச் சீமை மாதுளை மரம் ஒன்று, சுற்றுவட்டாரத்தில் எங்கும் காணாத உயரத்துக்கு வளர்ந்திருந்தது. தோட்டத்தின் ஆப்ரிகாட் பழமும் கிலோ ஒன்பது டாலர்வரை போனது.

டாலிஸ் பிளாட்டில் மலைக்கு எடுத்துப்போன பொருள் எதையும் யாரும் தூக்கிப் போடுவதில்லை. மேவிஸ் பிரிங்கிளின் மெழுகுத்துணி மழைக்கோட்டு முப்பது வருடமாகக் கொல்லைப்புறக் கதவருகே, ஆணியோ கொக்கியோ இல்லாமல், தானே நின்றுகொண்டிருந்தது. கசாப்புக் கடை ஹெக்டர் டன்னின் பூட்சுக்குப் பதினோரு முறை அடி மாற்றியாயிற்று, இரண்டு முறை மேல்தோல் மாற்றியாயிற்று. 1969இல் வாங்கியதில் மிச்சம் எதுவும் இல்லை. ஆனாலும் சனிக்கிழமை காலையில் கயிற்றை மேசைக்காலில் கட்டி வைக்காவிட்டால் அது தனியாகக் கிளம்பி மலையேறுகிறவர்கள் தங்கும் ஸ்டோனி குடிசை வழியில் பாதி தூரம் போய்விடும். ஹெக்டரின் மனைவி அதைத் தேடிக்கொண்டு காரில் போவாள். புதிது வாங்கிக் கொள்ளேன் என்று அவளுமே சொன்னதில்லை. கணவனை மாற்றிக்கொள்ளச் சொல்வதும் அதுவும் ஒன்றுதான் என்று அவளுக்குத் தெரியும்.

ஆனால் கூடாரத்தின் விவகாரம் வேறு. அது லோர்னாவுடையது அல்ல. டாலிஸ் பிளாட் மலைநடைக் கழகத்தின் சொத்து. பச்சைக் கித்தான், இரண்டு பேர் படுக்கலாம், வாசலில் மூன்று நாடா முடிச்சு, மூலையில் வெள்ளைச் சாயத்தில் நான்கு என்று எண். கழகத்தின் ஏழாவது விதி எளிமையானது: கூடாரத்தை எடுத்தவர் அதை நன்றாகக் காயவைத்துத்தான் திருப்பித் தர வேண்டும். ஈரத்தோடு மடித்து வைப்பதைப் போன்ற பாவம் அந்தக் கழகத்தில் இல்லை. தண்ணீரில் விழலாம், வழி தவறலாம், தலைவரின் பிஸ்கட்டைத் திருடித் தின்னலாம். ஈரக் கூடாரத்தை மட்டும் மடித்து வைக்கக் கூடாது. லோர்னா விதிகளை மதிக்கிறவள். நூலகப் புத்தகத்தை வாழ்நாளில் ஒரு நாள்கூடத் தாமதமாகக் கொடுத்ததில்லை. கூடாரத்தைக் காயவைத்துத் தரத்தான் வேண்டும், அது காயவில்லை, எனவே தரவில்லை. இதில் மறைப்பதற்கு எதுவும் இல்லை என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மறைப்பதற்கு ஒன்றே ஒன்று இருந்தது.

அந்த ஈஸ்டருக்கு மலைக்குப் போனவர்கள் பதினொரு பேர். அப்போது அவள் லோர்னா பேர்ட், வயது இருபத்து நான்கு, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. குதிகால் கொப்புளத்தால் எல்லாருக்கும் பின்னால் நொண்டிக்கொண்டு நடந்தாள். வரிசையின் கடைசியில் வருகிறவரை விட்டுப் போகாமல் கூடவே வருவதற்கென்று கழகம் ஓர் ஆளை நியமிக்கும். அந்த முறை அது ராய். ஒன்பது பேர் ஹார்டிங் ஆற்றைக் கடந்த பிறகு ஆறு பெருகிவிட்டது. ராயின் கூடாரம் அவன் கூட்டாளியின் முதுகுப்பையில் அக்கரைக்குப் போய்விட்டது. இக்கரையில் லோர்னாவும் ராயும் நான்காம் எண் கூடாரமும் அரைக் கேக்கும் மிஞ்சினார்கள். ஆற்றுக்கு மேலே கணவாயில் கூடாரம் அடித்தார்கள், மூன்று நாள் மழை. இருவரும் முதுகோடு முதுகு ஒட்டிப் படுத்தார்கள். இருவருமே பேசாத ஜாதி. முதல் நாள் முழுதும் சேர்த்துப் பேசியது, கேக்கை யார் வெட்டுவது என்பதைப் பற்றி நான்கு வார்த்தை.

இரண்டாம் நாள் மழை சற்று ஓய்ந்தபோது ராய் ஆற்றைப் பார்த்து வரப் போனான். திரும்பி வந்தவன் வாசலில் நின்றான். மலையில் ஒரு வழக்கம் உண்டு: கூடாரத்துக்கு வந்தவன் உள்ளேயிருந்து கூப்பிடாமல் முடிச்சை அவிழ்க்க மாட்டான், உள்ளே இருப்பவர் காலடி கேட்ட உடனே, வந்தது எதிரியே ஆனாலும், ‘உள்ளே வா, தள்ளிக்கொள்கிறேன்’ என்று சொல்லிவிட வேண்டும். லோர்னா சொல்லவில்லை. அவன் இல்லாத அரை மணி நேரத்தில் அவள் மனதில் ஒரு விஷயம் வந்து உட்கார்ந்துவிட்டது. வாயைத் திறந்தால் குரலிலேயே அது தெரிந்துவிடும் என்று பயந்தாள். அவன் ஏன் குரல் கொடுக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியாது. கித்தான் துணிக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருவன், பத்து நிமிடம். மழை மறுபடி தொடங்கிய பிறகு அவனே முடிச்சை அவிழ்த்துக்கொண்டு வந்து, “ஆறு இன்னும் இறங்கலை” என்றான். “அப்படியா” என்றாள் அவள். நவம்பரில் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

ஈஸ்டர் திங்களன்று ஆறு ஒரு மணி நேரம் இறங்கிக் கொடுத்தது. அதற்குள் கடக்க வேண்டும் என்ற அவசரத்தில், மழை உள்ளே இருக்கும்போதே ராய் கூடாரத்தைச் சுருட்டிப் பையில் திணித்தான். ஊருக்குப் போய் உலர்த்திக்கொள்ளலாம் என்றான். ஊருக்கு வந்ததும் இருவருக்கும் வேறு நினைப்பு. ஐந்து வாரம் கழித்துத்தான் பையைத் திறந்தார்கள். உள்ளே புயல் அப்படியே, கொஞ்சம் கசங்கி, இருந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு ஈஸ்டர் சனிக்கிழமையும் அவர்கள் அதை ஆப்ரிகாட் வரிசைகளுக்கு நடுவே விரித்து, மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு, பிளாஸ்க் தேநீரும் சீஸ் ரோலும் எடுத்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தார்கள். கேட்டவர்களிடம் காயவைக்கிறோம் என்றார்கள். நான்காவது மணி நேரத்து அமைதியில், கிளி போன பிறகு, வெளியே ஈரச் சரளையில் காலடி கேட்கும். இருபத்தேழு வயது ராயின் காலடி. வாசல்வரை வந்து நிற்கும். உள்ளே ராய் சீஸ் ரோலைக் கடித்துக்கொண்டே, “அந்த மடையன் இன்னும் நின்னுக்கிட்டுத்தான் இருக்கான்” என்பான்.

“நிக்கட்டும்” என்பாள் லோர்னா.

அவர்கள் வீட்டில் நீண்ட உரையாடல் என்றால் அதுதான். கசாப்புக் கடை ஹெக்டர் வெள்ளிக்கிழமை காலையில் பேசுகிற அளவுக்கு அவர்கள் மொத்த இல்வாழ்க்கையிலும் பேசியிருக்க மாட்டார்கள் என்பது மேவிஸின் மதிப்பீடு. பேச்சு இல்லாததை அவர்கள் குறையாக நினைக்கவில்லை. சிலர் வீட்டில் பியானோ இருக்கும், இவர்கள் வீட்டில் மௌனம் இருந்தது. இருவரும் அதை நன்றாக வாசித்தார்கள்.

1991இல் டிராக்டர் புரண்டு ராயின் இடது முழங்காலில் விழுந்தது. அன்றிலிருந்து அவன் நடை ஒன்று நீளம், ஒன்று குட்டை. குனிந்தால் முழங்கால் சுள்ளி ஒடிகிற மாதிரி சத்தம் போடும். 2015 செப்டம்பரில், மரங்களெல்லாம் பூத்து நிற்கிற வாரத்தில், மூன்றாவது வரிசைக்கும் நான்காவது வரிசைக்கும் நடுவே உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார் டாக்டர். நல்ல காய்ப்பு இருக்கும் ஆண்டு என்று அன்று காலைதான் சொல்லியிருந்தான். இருந்தது.

அடுத்த ஈஸ்டருக்கு லோர்னா தனியாகக் கூடாரத்தை விரித்தாள். தூறல் வந்தது, காற்று வந்தது, ஆலங்கட்டி வந்தது, கிளி வந்து வழுக்கியது. காலடி வந்தபோது அவள் பிளாஸ்க் மூடியைக் கையில் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்தாள். ஒன்று நீளம், ஒன்று குட்டை. வாசலில் வந்து நின்றதும் சுள்ளி ஒடிந்தது. இருபத்தேழு வயதுப் பையன் இல்லை இப்போது, அவனேதான்.

கூப்பிட்டிருக்க வேண்டும். இரண்டு வார்த்தை. ஆனால் கூப்பிட்டு, முடிச்சு அவிழாமல் போனால்? எட்டிப் பார்த்து, அங்கே வெறும் புல் இருந்தால்? காலடியாவது மிஞ்சியிருக்கிறது. அதையும் கெடுத்துக்கொள்ள அவளுக்குத் தைரியம் இல்லை. பத்து நிமிடம் மூச்சுகூடச் சத்தமாக விடாமல் இருந்தாள். மழை தொடங்கியது. அடுத்த ஆண்டும் அப்படியே. அதற்கடுத்த ஆண்டும். வருடத்தில் பத்து நிமிடம் அவள் கணவன் ஒரு கித்தான் துணிக்கு அப்பால் நின்றான். மிச்ச நாள்களை அவள் அதை வைத்து ஓட்டினாள். இதைத்தான் யாரிடமும் சொல்லவில்லை.

2020 ஜூலையில் கழகத்தின் ஆண்டுக் கூட்டத்தில் சாமான் பொறுப்பாளராக ட்ரெவர் பாஸ்க் தேர்ந்தெடுக்கப்பட்டார். தேர்தலில் வேறு யாரும் நிற்கவில்லை. அவருமே நிற்கவில்லை, தேநீர் எடுக்கப் போனபோது தேர்ந்தெடுத்துவிட்டார்கள். ட்ரெவர் இன்வர்கார்கிலில் முப்பத்தொரு வருடம் ரயில் சரக்குகளைச் சரிபார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி பேரப்பிள்ளைகளோடு பெர்த்துக்குப் போனவள் அங்கே வெயில் நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டு வராமலே இருந்துவிட்டாள். அவருக்குப் பட்டியல் என்றால் உயிர். சாமான் அறையின் கதவுக்குப் பின்னால் ஒரு கரும்பலகை இருந்தது. கூடாரத்தை ஈரத்தோடு வைத்திருப்பவர் பெயரை அதில் எழுதுவார்கள். ‘எண் 4, லோர்னா பேர்ட்’ என்ற சுண்ணக்கட்டி எழுத்து அதில் அழியாமல் இருப்பதை அவர் பார்த்தார். மறுநாள் காலை பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து கதவைத் தட்டினார்.

“மிசஸ் கில்கிரைஸ்ட், நாலாம் நம்பர் கூடாரம் உங்ககிட்ட இருக்குன்னு எழுதியிருக்கு.”

“இருக்கு.”

“எழுபத்து நாலுல எடுத்திருக்கீங்க.”

“ஆமா. ஈஸ்டருக்கு.”

“இன்னும் ஏன் திருப்பித் தரலை?”

“இன்னும் காயலை.”

ட்ரெவர் பதிவேட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். விதி அவள் பக்கம் இருந்தது. மூக்கைச் சொறிந்துகொண்டு, “அப்போ நான் காயவச்சுத் தரவா?” என்றார். உதவி செய்கிறேன் என்று வருகிற பொறுப்பாளரை வேண்டாம் என்று சொல்ல விதியில் இடம் இல்லை. லோர்னா உள்ளே போய்ப் பையை எடுத்து வந்தாள். கொடுக்கிறபோது கை கொஞ்சம் தாமதித்தது. ட்ரெவர் அதைக் கனமென்று எடுத்துக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினார்.

ஆகஸ்ட் மாதம் அவர் அதைப் பழச் சங்கத்தின் உலர்த்து கொட்டகையில், ஊதுகாற்று உச்சத்தில் வைத்து, மூன்று நாள் தொங்கவிட்டார். நான்காம் நாள் கதவைத் திறந்தபோது கூடாரம் சொட்டிக்கொண்டிருந்தது. அங்கே மூட்டையில் இருந்த நானூறு கிலோ உலர்ந்த ஆப்ரிகாட்டும் உப்பித் திரண்டு, காம்போடு, மரத்தில் பறித்த பழமாகத் திரும்பியிருந்தது. குளிர்காலத்தில் புதுப் பழம் கிடைக்குமா? கிலோ இருபத்திரண்டு டாலருக்கு டனீடினில் விற்றுத் தீர்ந்தது. சங்கம் ட்ரெவருக்கு நன்றிக் கடிதம் அனுப்பியது. அவருக்கு அதில் சந்தோஷம் இல்லை.

பிப்ரவரியில், சாலைத் தார் உருகிச் செருப்பில் ஒட்டுகிற வெயிலில், மலை முகட்டில் இரண்டு கம்பத்துக்கு நடுவே கட்டினார். அதற்குக் கீழே ஓர் ஓடை உண்டாகி, ஹெக்டரின் ஆட்டுப் பட்டியைச் சுற்றிக்கொண்டு போனது. மார்ச்சில் ஓட்டலின் கொதிகலன் அறையில் போட்டார். மாடியில் பீர் பீப்பாய்களில் தண்ணீர் கலந்துவிட்டது என்று ஓட்டல்காரன் சத்தம் போட்டான். குடித்தவர்கள் யாரும் வித்தியாசம் தெரியவில்லை என்று சொன்னதும் வாயை மூடிக்கொண்டான்.

ஒவ்வொரு தோல்விக்கும் ட்ரெவர் வந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, நடந்ததைச் சொல்வார். லோர்னா முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்ளப் பாடுபடுவாள். உள்ளுக்குள் துள்ளுகிற சந்தோஷம் அவளையே வெட்கப்பட வைத்தது. அதற்குப் பரிகாரமாகச் சீஸ் ரோல் சுட்டு வைப்பாள். ட்ரெவர் மூன்று தின்பார், நான்காவதைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்.

“உங்க வீட்டுல பேச்சே இல்லை, ஆனா நல்லா இருக்கு” என்றார் ஒரு நாள்.

“வேற வீட்டுல எப்படி?”

“எங்க வீட்டுலயும் இப்போ பேச்சு இல்லை. ஆனா நல்லா இல்லை.”

ஈஸ்டருக்கு முந்திய வியாழக்கிழமை அவர் முகமெல்லாம் வெளிச்சமாக வந்தார். “எனக்குப் புரிஞ்சுபோச்சு. நாம தப்பாப் பண்ணிட்டோம். வெளியில இருந்து காயவைக்கவே முடியாது. உள்ள இருக்குற மழை பெய்ஞ்சு தீரணும். எந்த மழைதான் பெய்ஞ்சுகிட்டே இருக்கும்? விரிச்சுப் போட்டுட்டு, சுருட்டாம, அது தீர்ற வரைக்கும் உக்காந்து பாத்துடலாம். எத்தனை நாளானாலும் சரி. நான் சாப்பாடு கட்டிக்கிட்டு வர்றேன்.”

லோர்னா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை ஆண்டுகளில் அவளும் ராயும் அதை ஒரு பிற்பகலுக்கு மேல் விரித்து வைத்ததில்லை; ட்ரெவரும் தொங்கவிட்டாரே தவிர முளையடித்து விரிக்கவில்லை. மழை தீர்ந்தால் அமைதியும் தீரும். அமைதி தீர்ந்தால் காலடிக்கு இடம் ஏது? வேண்டாம் என்று சொல்ல நாக்கு எழுந்தது. எழுபத்தோரு வயதுவரை விதியை மீறாத நாக்கு. பாதி வழியிலேயே படுத்துவிட்டது.

“சனிக்கிழமை பத்து மணிக்கு வாங்க” என்றாள்.

சனிக்கிழமை வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஆப்ரிகாட் இலைகள் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன. ட்ரெவர் முளைகளை அடித்தார், லோர்னா கயிறுகளை இழுத்தாள். இருவரும் மழைக்கோட்டோடு உள்ளே போய், முடிச்சுகளைப் போட்டுக்கொண்டு, சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள். தூறல் சொன்ன நேரத்துக்கு வந்தது. ட்ரெவர் சரக்கு ரயிலைப் பார்க்கிற கண்ணோடு அதைப் பார்த்து, நேரத்தைப் பதிவேட்டில் குறித்தார். எழுத்து கரைந்தது, மறுபடி குறித்தார். காற்று வந்தபோது கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். ஆலங்கட்டியில் பதிவேட்டைத் தலைக்கு மேல் கவிழ்த்துக்கொண்டார். ஆனால் பேசவில்லை. அதற்காக லோர்னா அவரை மனதுக்குள் மெச்சினாள்.

நான்காவது மணி நேரம் பிறந்தது. எல்லாம் ஓய்ந்தது. கிளி நடந்தது, வழுக்கியது, திட்டியது, போனது. ட்ரெவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. வெளியே, புல்தரையில் இல்லாத சரளைக் கற்களின் மேல், ஒன்று நீளம் ஒன்று குட்டை என்று யாரோ வந்தார்கள். வாசலில் நின்றார்கள். சுள்ளி ஒடிந்தது.

“யாரு அது?” என்றார் ட்ரெவர் தாழ்ந்த குரலில்.

லோர்னா பிளாஸ்க் மூடியைக் கீழே வைத்தாள். பிறகு, “ராய்” என்றாள்.

“உங்க வீட்டுக்காரர் ராயா?”

“ஆமா.”

ட்ரெவர் அதை யோசித்தார். இறந்தவர் வருவதைப் பற்றிக் கழக விதிகளில் எதுவும் இல்லை. வரக்கூடாது என்றும் இல்லை. “எப்பவும் வருவாரா?”

“அவர் போனதுலேர்ந்து. ஈஸ்டருக்கு ஈஸ்டர். பத்து நிமிஷம் நிப்பார். மழை வந்ததும் சத்தம் போயிடும்.”

“நீங்க என்ன செய்வீங்க?”

“உக்காந்திருப்பேன்.”

ட்ரெவரின் முகம் சிவந்தது. பேய்க்குப் பயந்து அல்ல. “ஆறு வருஷமா? ஆறு வருஷமா ஒரு மனுஷனை வெளிய நிக்க வச்சுட்டு நீங்க உள்ள உக்காந்து டீ குடிச்சுக்கிட்டு இருக்கீங்களா? அதுவும் கால் சரியில்லாத மனுஷனை? இப்பக் கொட்டப் போகுதுன்னு தெரிஞ்சும்?”

“கூப்பிட்டு, வரலைன்னா?”

“வரலைன்னா வரலை. அது அவர் பாடு. கூப்பிடுறது நம்ம பாடு. என்ன லோர்னா இது, நீங்க எத்தனை வருஷமா மலைக்குப் போறீங்க!”

இதுவரை அவளை அவர் பெயர் சொல்லி அழைத்ததில்லை. அவள் வாழ்க்கையில் இப்படி யாரும் திட்டியதும் இல்லை. மௌனமான வீடுகளில் திட்டு கிடைப்பதில்லை. அவள் வாசலைப் பார்த்தாள். மூன்று முடிச்சும் அசையாமல் இருந்தன. கித்தானில் ஓர் ஆளுயரத்துக்கு வெளிச்சம் கொஞ்சம் மங்கியிருந்தது, அல்லது அப்படித் தோன்றியது. கிளி போய் ஏழு நிமிடம் ஆகியிருந்தது. எட்டாகியது. கல்யாணத்துக்கு முன்னால், இருபத்து நான்கு வயதில் கொடுத்திருக்க வேண்டிய குரல் தொண்டையில் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று அவள் தேட வேண்டியிருந்தது.

“உள்ள வா, ராய்” என்றாள். “தள்ளிக்கிறேன்.”

சொல்லிவிட்டுத் தள்ளியும் உட்கார்ந்தாள்.

வெளியே ஒன்றும் நடக்கவில்லை. தூரத்தில் யாரோ ஒருவர் வீட்டு நாய் இரண்டு முறை குரைத்தது. லோர்னா கண்ணை மூடிக்கொண்டாள். அப்போது கீழ் முடிச்சு அவிழ்ந்தது. எல்லாரும் மேலிருந்து அவிழ்ப்பார்கள், ராய் மட்டும் கீழிருந்து அவிழ்ப்பான். பிறகு நடு முடிச்சு. பிறகு மேல் முடிச்சு. கித்தான் மடிப்பு விலகி, குளிர்ந்த காற்றும் நனைந்த கம்பளி வாடையும் உள்ளே வந்தன. முழங்கால் முறிவதுபோல் சத்தம் கேட்டது. அவளுக்கு இடப்பக்கம் தரைவிரிப்பு அழுந்தி, குழி விழுந்து, அப்படியே நின்றது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் இடம் போதவில்லை. ட்ரெவர் ஓரத்துக்கு நெருக்கப்பட்டு, கம்பம் கழுத்தில் குத்த, ஒரு கையை நீட்டி, “ட்ரெவர் பாஸ்க். சாமான் பொறுப்பு” என்றார். கை காற்றில் கொஞ்ச நேரம் நின்றது; பிறகு இரண்டு முறை மேலும் கீழும் ஆடியது. ஆட்டியது அவர் இல்லை என்று பின்னால் எல்லாரிடமும் சொன்னார்.

மூவரும் பேசாமல் இருந்தார்கள். பத்து நிமிடம் ஆனது. இருபதானது. மழை வரவில்லை. முப்பது நிமிடம் கழித்து, நாற்பத்தேழு ஆண்டுகளில் முதல் முறையாக, ஆப்ரிகாட் இலைகளின் நிழல் கூடாரத்துத் துணியில் உள்ளிருந்து பார்க்கும்படி விழுந்தது. கித்தானிலிருந்து ஆவி கிளம்பியது. லோர்னாவின் இடது தோள் மட்டும் மழைக்கோட்டைத் தாண்டிக் கதகதப்பாக இருந்தது. அவள் அழுதாளா என்று ட்ரெவர் பார்க்கவில்லை. கூரையிலிருந்து கடைசிச் சொட்டு எங்கே விழுகிறது என்று கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அவர் கழுத்துக்குள் விழுந்தது.

நான்கு மணிக்கு இருவரும் வெளியே வந்தார்கள். ட்ரெவர் புறங்கையை வைத்துப் பார்த்தார், கன்னத்தை வைத்துப் பார்த்தார், தையல்களில் செய்தித்தாளை ஒற்றிப் பார்த்தார். சுற்றி வந்து நின்றார்.

“காஞ்சிடுச்சு.”

“ஆமா” என்றாள் லோர்னா.

வேறு என்ன சொல்ல முடியும்? விதி இப்போது அவள் பக்கம் இல்லை. காய்ந்த கூடாரம் கழகத்துடையது. அவள் குனிந்து, மூலை முளையைப் பிடித்து அசைக்கத் தொடங்கினாள். அவசரப்படவில்லை, தாமதிக்கவும் இல்லை.

“என்ன பண்றீங்க?”

“திருப்பித் தர்றேன்.”

“உள்ள ஆளை வச்சுக்கிட்டா?” ட்ரெவருக்கு அன்று இரண்டாவது முறையாக முகம் சிவந்தது. “ஒரு மனுஷன் உள்ள காலை நீட்டி இருக்கும்போது மேல இருக்குற கூடாரத்தைப் பிரிக்கிறதா? எந்த ஊர்ப் பழக்கம் அது? முப்பத்தொரு வருஷம் ரயில்வேயில இருந்தேன், ஆள் இருக்குற பெட்டியைக் கழட்டினதில்லை. அந்த முளையை அடிங்க உள்ள.”

“அப்போ பதிவேட்டுல?”

அவர் நனைந்து உப்பிய பதிவேட்டைத் திறந்து, இரும்புப் பேனாவால் அழுத்தி எழுதினார்: எண் 4. காய்ந்தது. உபயோகத்தில் உள்ளது. பிறகு யோசித்து, ‘இருவர்’ என்று சேர்த்தார். எவ்வளவு நாளைக்கு என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டார். பிறகு சட்டைப் பையில் இருந்த சீஸ் ரோலை எடுத்து, கூடாரத்து வாசலில் ஒரு தட்டில் வைத்துவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு போனார்.

கூடாரம் மூன்றாவது வரிசைக்கும் நான்காவது வரிசைக்கும் நடுவே நின்றுவிட்டது. குளிர்காலத்தில் தோட்டம் முழுவதும் உறைபனி வெள்ளையாகப் படியும், அதன்மேல் மட்டும் படியாது. ஆட்கள் பழம் பறிக்கும்போது அதைச் சுற்றிப் போவார்கள், “காலை வணக்கம், ராய்” என்பார்கள். கழகத்தில் கூடாரம் கேட்டு வருகிறவர்களுக்கு ட்ரெவர் ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து என்று எண்ணிக் கொடுக்கிறார். சீமை மாதுளைக்கு இப்போது குழாய்த் தண்ணீர்தான், காய்ப்பு குறைவு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ட்ரெவர் வந்து வாசலில் நிற்பார், கூப்பிடுவார்கள், உள்ளே போய் ஓரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்துவிட்டு வருவார். வாரத்திலேயே அந்த ஒரு மணி நேரம்தான் நன்றாக இருக்கிறது என்று பெர்த்துக்கு எழுதினார்.

ஊர் வியந்தது வேறொன்றுக்கு. லோர்னா பேசத் தொடங்கிவிட்டாள். வலப்பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, பின்னல் வேலையோ புத்தகமோ மடியில் கிடக்க, பேசுகிறாள். ஆப்ரிகாட் என்ன விலைக்குப் போகிறது, ஹெக்டரின் பூட்சு இந்த வாரம் எதுவரை போனது, அன்றைக்குக் கணவாயில் கேக்கின் பெரிய துண்டை ராய் தனக்கென்று வெட்டிக்கொண்டது அவளுக்கு அப்போதே தெரியும் என்றெல்லாம். நடுநடுவே நிறுத்துகிறாள், ஓர் ஆள் பதில் யோசிக்கிற அளவுக்கு இடம் விடுகிறாள்.

போன மாதம் முட்டை வாங்க வந்த மேவிஸ் பிரிங்கிள் வேலியில் கையை ஊன்றிக்கொண்டு வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு பொறுக்க மாட்டாமல் குரல் கொடுத்தாள்.

“ஏ லோர்னா, அந்த மனுஷன் என்னதான் சொல்றார்?”

“இன்னும் ஒண்ணும் சொல்லலை” என்றாள் உள்ளேயிருந்து லோர்னா. “யோசிச்சுக்கிட்டு இருக்கார்.”

“மெதுவா யோசிக்கட்டும். என்ன அவசரம்?” என்றாள் மேவிஸ். டஜன் முட்டைக்குப் பத்து டாலரை வேலியோரக் காசு டப்பாவில் போட்டுவிட்டு, இரண்டு முட்டையில் கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டு, வீட்டுக்குப் போனாள்.